தண்ணீர்க்குடமும் மலைக்காட்சியும்: நவ்ஜோத் அல்தாஃபின் கலையைச் சேர்வராயன் மலையிலிருந்து வாசித்தல்

தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றோடு 'செய்தி' எனத் தொழிலையும் சேர்க்கிறது. உழைப்பை நீக்கிவிட்டு நிலத்தைப் பேச இயலாது என்பது இதனால் பெறப்படும். இவ்வளவுகோலின்படி, ஏற்காட்டைப் பற்றிப் பரவலாக வழங்கும் படங்கள் குறிஞ்சியைக் காட்டுவன அல்ல. ஏரியையும் மூடுபனியையும் காப்பித் தோட்டத்தையும் காட்சிப்பொருளாக்குவனவே. 1820களில் சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பிற்காலத்தில் இம்மலையின் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. இம்மாற்றங்களுக்கிடையே வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் அப்படங்களில் இடம்பெறுவது அரிது. இடம்பெறினும் தலைச்சுமையோடு செல்லும் அழகுருவாகவே நிற்கின்றனர்.

இத்தலைச்சுமையை வேறுவிதமாக நோக்கியவர் மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் (பி. 1949). 1970களில் இடதுசாரி இளைஞர் இயக்கத்தில் பங்கேற்ற அவர், 1997 முதல் இன்றைய சத்தீஸ்கரின் பஸ்தர்ப் பகுதியில் சாந்திபாய், ராஜ்குமார், கெஸ்ஸுராம் ஆகிய பழங்குடிக் கலைஞர்களுடன் இணைந்து பணியாற்றினார். அவர்கள் ஊராருடன் கலந்து உருவாக்கிய 'நல்பார்' என்னும் படைப்பு, அடிகுழாயைச் சுற்றிய இடத்தைச் சீரமைத்தது. சிந்தும் நீர் தேங்காது வடிய வழி செய்யப்பட்டது. குடத்தைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றாமல், இடையில் வைத்து எடுக்கச் சுவரில் மாடங்கள் அமைக்கப்பட்டன. சுவர்களில் அப்பகுதி மக்களின் உருவங்களும் குறியீடுகளும் இடம்பெற்றன.

இங்கே அடையாளம், இயற்கை, செயற்பாடு என்னும் மூன்றும் தனித்தனிக் கருப்பொருள்களாக நிற்கவில்லை. நீர் எடுக்கும் பெண்ணின் உடல்வலியே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இதுவே இப்படைப்பின் வலிமை.

எனினும் இருவரம்புகளைச் சுட்ட வேண்டும். முதலாவது, அடிகுழாய்ச் சுவர் பெண்ணின் சுமையைக் குறைக்கிறதேயன்றி, நீர் சுமப்பது பெண்ணின் கடமை என்னும் வழக்கை மாற்றுவதில்லை. இரண்டாவது, இக்கூட்டுப் படைப்பைத் திறனாய்வுலகம் பெரும்பாலும் நவ்ஜோத்தின் பெயராலேயே சுட்டுகிறது. சாந்திபாயின் பெயர் பின்னரே வருகிறது. இக்கட்டுரையின் தலைப்பும் இதற்கு விலக்கன்று.

ஆகவே, சேர்வராயன் மலையைப் பொருளாகக் கொள்ளும் கலை அதன் பசுமையை எவ்வளவு அழகாகத் தீட்டுகிறது என்பது மட்டும் மதிப்பீட்டுக்குப் போதாது. அம்மலையில் சுமை தூக்கும் பெண் அப்படைப்பில் காட்சியாக இருக்கிறாளா, படைப்பாளியாக இருக்கிறாளா என்பதையும் திறனாய்வு கேட்க வேண்டும்.