மூலை விளக்கும் முதியவரும்

மார்கழி பிறந்துவிட்டால் பாடியில் விடியலுக்கு முந்தைய வேளை தனி அழகு பெறும். திருவலிதாயம் கோயிலின் பாட்டொலியும் எங்கள் ஆலய மணியோசையும் ஒரே பனிக்குள் கலந்து வரும். சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில், அப்பனியில் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி மஞ்சள் வட்டம் ஒன்று தோன்றும். அதைப் பார்த்தவாறே திருப்பலிக்கு நடப்பது எனக்கு மிகவும் பிடித்தமானது. இப்போது அவ்விடங்களில் வெண்ணிற எல்இடி விளக்குகள் எரிகின்றன. பழைய விளக்கின் மீது நாம் கொள்ளும் பற்று எத்தகையது? இவ்வினாவோடு புதுமைப்பித்தனின் ‘தெரு விளக்கு’ கதையை மீண்டும் படித்தேன்.

1930களின் நடுவில், முப்பது வயதை எட்டாத புதுமைப்பித்தன் (1906-1948) எழுதிய மிகச் சிறிய கதை அது. தெருக்கோடியில் சாய்ந்து நிற்கிறது ஒரு நகராட்சி விளக்கு. கண்ணாடி உடைந்து, காற்றுக்குத் தவிக்கிறது அதன் சுடர். அதை அண்டி வாழ்கிறார் ஒரு கிழவர். பயனற்றதென விளக்கை அகற்றிவிடுகிறார்கள். அந்த இருளைக் கிழவரால் தாங்க இயலவில்லை. மறுநாள் அங்கே அவர் உடல் கிடக்கிறது. பின்னர் புதிய மின்விளக்கு வருகிறது. அதன் கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். கதை இவ்வளவே.

இக்கதையைப் பழமைக்குப் பாடிய இரங்கற்பாவாகக் கொள்வோர் உண்டு. எனக்கு அது சரியெனப் படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தெருவிளக்கை இங்கே நினைவூட்டுகிறேன். ஆங்கிலக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ என்னும் சிறுவர் நாவலில், அலமாரிக்குள் நுழையும் சிறுமி லூசி, பனி மூடிய காட்டின் நடுவே விளக்குக் கம்பம் ஒன்றைக் காண்கிறாள். கிறிஸ்து பிறப்பு விழாவே வராத நீண்ட குளிர்காலம் அது. அந்த விளக்கை ஏற்றுவாரும் இல்லை, அணைப்பாரும் இல்லை. படிக்கும் எவருக்கும் அதன் கவர்ச்சி மறக்காது. லண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் பழைய வாயு விளக்குகளை மாற்றும் திட்டத்தை 2021, 2022 ஆண்டுகளில் மக்கள் எதிர்த்ததற்கும் இத்தகைய ஈர்ப்பே காரணம்.

லூயிஸின் விளக்கு அழகியது. ஆனால் அதன் வெளிச்சத்தை நம்பி உயிர்வாழ்பவர் எவரும் இல்லை. புதுமைப்பித்தனின் விளக்கில் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதருக்கு அதைவிட்டால் வேறு துணையில்லை. முன்னதை நாம் இரசிக்கிறோம். பின்னதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். புதுமைப்பித்தன் மின்விளக்கை இகழவில்லை, குழந்தைகளையும் குறைகூறவில்லை. அவர் காட்டுவது, விளக்கை அகற்றியவர்கள் விளக்கை மட்டுமே பார்த்தார்கள் என்பதை.

கதையில் குறையே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகளைக் காட்டியவுடன் ஆசிரியர் நிறுத்தியிருக்கலாம். அவர்களும் ஒருநாள் இந்நிலைக்கு வருவார்கள் என்று தாமே முன்வந்து உரைக்கிறார். எனினும் இறுதி வாக்கியம் அக்குறையை ஈடுசெய்துவிடுகிறது. பழையன கழிவதும் புதியன புகுவதும் குற்றமாகாது என்பது பவணந்தி முனிவர் நன்னூலில் மொழிக்கு வகுத்த விதி. அதனை உலக இயற்கை என்று கூறவந்த புதுமைப்பித்தன், கடைசியில் ‘ஆம்’ என்னும் ஓர் இடைச்சொல்லை ஒட்டிவிடுகிறார். ‘அப்படிச் சொல்கிறார்கள், நான் ஏற்கவில்லை’ என்பதே அதன் பொருள். சொற்களுக்கு ஆன விதியை மனிதருக்குப் பொருத்தலாமா என்னும் கேள்வி முழுவதும் அந்தச் சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

குருமடத்தில் படித்த நாட்களில் இக்கதையில் வேறொரு குறையையும் கண்டேன். கிழவருக்குப் பெயரில்லை, ஊரில்லை, உறவில்லை. பாத்திரப் படைப்பு முழுமை பெறவில்லை என்று நண்பர்களிடம் வாதிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருமுனையில் பழைய கம்பம் ஒன்று இருந்தது. அதன் வெளிச்சத்தில் விடியற்காலையில் ஒரு மூதாட்டி ஆப்பம் சுட்டு விற்பார். முதல் திருப்பலி முடிந்து வருவோர் பனிக்கு முக்காடிட்டபடி அவரைச் சூழ்ந்து நிற்பர். சாலையை அகலப்படுத்தியபோது கம்பம் போயிற்று; எதிர்ப்புறம் சற்றுத் தள்ளிப் புதிய விளக்கு வந்தது. தெரு பகல்போல் ஒளிர்ந்தது. நல்ல வெளிச்சம் வேண்டுமென்று கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அதற்காக நான் வருந்தவில்லை. இருளில் நடக்க அஞ்சிய பெண்களுக்கு அவ்வெளிச்சம் தேவைதான்.

ஆனால் கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து, பொங்கலும் கழிந்த பின்னரே அந்த மூதாட்டியைக் காணவில்லை என்பது எனக்கு உறைத்தது. விசாரித்தேன். மகள் வீட்டிற்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். உடல்நலம் குன்றியிருக்கிறார் என்றார் மற்றொருவர். எந்த ஊர் என்று எவருக்கும் தெரியவில்லை. பல ஆண்டுகள் அவர் கையால் உண்ட எனக்கு அவர் பெயரும் தெரியாது.

கதையில் கிழவருக்குப் பெயரில்லாதது படைப்பின் குறையன்று என்பதை அன்று உணர்ந்தேன். அந்தத் தெருவில் எவரும் அவரிடம் பெயர் கேட்கவில்லை. ஆகவே ஆசிரியரும் எழுதவில்லை. மார்கழிப் பனியில் விளக்கின் அழகைப் பார்த்து நிற்போர், அதன் அடியில் இருப்பவரின் பெயரையும் ஒருமுறை கேட்டுவைப்பது நல்லது. நான் கேட்கவில்லை.