கருவிலமைந்த திருவும் களரியின் உழைப்பும்

கலைஞன் பிறக்கிறானா, உருவாகிறானா என்ற வினாவுக்குக் "கருவிலே திரு" என்பதே நம்மவர் பலரின் விடை. புகழுரை போலத் தோன்றும் இவ்விடை உழைப்பை மறைக்கும் திரையாகவும் அமைந்துவிடுகிறது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஆடப்படும் கூத்தைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

வடமோடியாயினும் தென்மோடியாயினும், ஆடுவோர் வயலிலும் வாவியிலும் உழைக்கும் மக்களே. அண்ணாவியார் ஒருவனின் குரலையும் உடல்வாகையும் நோக்கியே அவனுக்குரிய பாத்திரத்தின் சட்டத்தைக் கொடுக்கிறார். எனவே, இயற்கையில் அமைந்த வேறுபாட்டைக் கூத்து மரபு மறுக்கவில்லை. ஆனால் அதனோடு அம்மரபு நின்றுவிடுவதுமில்லை. பகலுழைப்பு முடிந்த இரவுகளில், மாதக்கணக்காக, மத்தளத்தின் தாளக்கட்டுக்குக் கால் பழக்க வேண்டும். சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதன் பின்னரே அரங்கேற வேண்டும். கனத்த உடுப்பும் கிரீடமும் தாங்கி வட்டக்களரியில் ஆடிக்கொண்டே பாடும் வலிமையைக் கரு தருவதில்லை, பயிற்சியே தருகிறது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். கூத்துப் பரம்பரையில் வாராத மாணவரும் இம்முயற்சிகளில் ஆடப் பயின்றனர். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிச் சிறந்த சி. மௌனகுரு மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் என்பதைக் காட்டி, "இது இரத்தத்தில் ஊறியது" என்று கூறுவாருளர். இரத்தத்திலன்று, செவியில் ஊறியது என்பதே பொருந்தும். இளமையிலேயே மத்தள ஒலி கேட்கும் ஊரில் வளர்ந்தமை அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. அவ்வாய்ப்பைக் கலையாக்கியது உழைப்பு.

செல்வரின் விளையாட்டாகிய கோல்ஃபும் இதனையே உரைக்கிறது. இந்திய ஓப்பன் போட்டியில் 1991இல் வென்ற அலி ஷேரும், 2009இல் வென்ற முனியப்பாவும், பிறர் ஆடப் பை சுமந்து மைதானத்துள் நுழைந்தவர்கள். சுமைகூலியாகவேனும் புல்தரையை மிதிக்க இயலாத எத்தனை முனியப்பாக்கள் வேலிக்கு வெளியே நின்றனர் என்பதை யார் கணக்கிட்டார்?

இக்கேள்வி கூத்துக்கும் பொருந்தும். பெண் பாத்திரங்களைக்கூட நெடுங்காலம் ஆண்களே ஆடினர். ஆகவே ஊரில் பாதிப்பேரின் திறமை களரியில் சோதிக்கப்படவேயில்லை. சாதிப் பிரிவினையும் யார் எங்கே ஆடலாம், எதை முழக்கலாம் என்று வரம்பிட்டது. சோதிக்கப்படாத திறமையை இல்லாத திறமை என்று கூறுவது அநீதியன்றோ?

நம் விமர்சகர் சிலர் நகரத்துக் கலைஞன் சிறந்தால் "மேதை" என்பர். கிராமத்தான் சிறந்தால் "மரபு" என்பர். முன்னவனுக்குத் தனித்துவத்தை வழங்கி, பின்னவனிடமிருந்து அவன் உழைப்பையும் பறிக்கும் சொற்கள் இவை. திறமையைப் போற்றுவோம், ஆனால் அதற்குமுன் களம் யாருக்குத் திறந்திருந்தது, பயில ஓய்வு யாருக்குக் கிட்டியது என்று கேட்போம். அக்கேள்வியைத் தவிர்க்கும் விமர்சனம் வென்றவனின் கழுத்தில் மாலையிடுமேயன்றி, வேலியை ஒருபோதும் அகற்றாது.