58 கிலோவிலிருந்து ஐந்தரைக் கிலோவுக்கு

ஹோம்லைட் எக்ஸ்எல்-12 என்ற செயின்சா 1963-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வாள்தகடும் சங்கிலியும் சேர்க்காமல் அதன் எடை 12 பவுண்டு, ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன், 1927-இல், ஜெர்மனியின் துரிங்கியாவில் டோல்மார் என்னும் மலையில் எமில் லெர்ப் தன் முதல் பெட்ரோல் செயின்சாவைச் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரையே தன் நிறுவனத்துக்கும் வைத்தார். அந்த இயந்திரம் 58 கிலோ. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால்தான் அதை மரத்தடிக்குக் கொண்டுபோக முடியும்.

58 கிலோ எப்படி ஐந்தரைக் கிலோவானது என்பதுதான் இந்த இயந்திரத்தின் வரலாறு. பழைய செயின்சாக்களைத் தேடிப் பிடித்து, பிரித்து, துடைத்து, மீண்டும் ஓடவைப்பவர்கள் அந்த வரலாற்றை விரல்நுனியால் படிக்கிறார்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு பொறியாளர், காட்டில் நிற்கும் தொழிலாளியின் தோளிலிருந்து அரைக் கிலோவாவது இறக்க முடியுமா என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனை கண்ணுக்குத் தெரிவதுதான் பழைய செயின்சாவின் அழகு.

நம் ஊரில் இந்த இயந்திரத்தின் சத்தம் எல்லோருக்கும் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்துப்போட்டபோது தெருக்களையும் தோப்புகளையும் மீட்டுத் தந்தவற்றில் செயின்சாவும் ஒன்று. ஆனால் பழையதைச் சேர்த்துப் பாதுகாக்கும் பழக்கம் வேரூன்றியிருப்பது வேறிடங்களில்: அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஜெர்மனி, ஸ்வீடன், நார்வே. மரவெட்டு குடும்பத் தொழிலாக இருந்த நிலங்கள் அவை. தாத்தாவின் கொட்டகையில் கிடந்த இயந்திரத்தைப் பேரன் பிரிப்பதில்தான் அங்கே பல சேகரிப்புகள் தொடங்குகின்றன.

சேகரிப்பாளரின் கொட்டகையில் முதலில் கண்ணை நிறுத்துவது இருவர் பிடிக்கும் பழைய இயந்திரங்கள். ஆந்த்ரேயாஸ் ஸ்டில் 1926-இல் ஸ்டுட்கார்ட்டில் மின்சாரத்தில் ஓடும் செயின்சாவுடன் தொழிலைத் தொடங்கினார். 1929-இல் வந்த அவரது பெட்ரோல் இயந்திரம் 46 கிலோ, 6 குதிரைத்திறன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய இறக்குமதி நின்றுபோக, வட அமெரிக்க நிறுவனங்கள் தாமே செய்யத் தொடங்கின. ஃபிலடெல்ஃபியாவின் டிஸ்டன் நிறுவனம், மெர்குரி படகு இன்ஜின் செய்தவர்களின் இன்ஜினைத் தன் வாளோடு பூட்டி அமெரிக்க ராணுவத்துக்குக் கொடுத்தது. அந்த மெர்குரி டிஸ்டன் இன்றும் சேகரிப்பாளர்கள் பெருமையோடு காட்டும் உருப்படி.

இந்த இருவர் வாள்களில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இன்ஜினை ஒரே நிலையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, வாள்தகட்டை மட்டும் படுக்கையாகவோ செங்குத்தாகவோ திருப்பிப் பூட்டலாம். காரணம் கார்புரேட்டர். அன்றைய கார்புரேட்டரில் மிதவை ஒன்று பெட்ரோலின் மேல் மிதந்துகொண்டு அளவைக் கட்டுப்படுத்தும். இயந்திரத்தைச் சாய்த்தால் மிதவை சாயும், இன்ஜின் அணைந்துவிடும். நிற்கும் மரத்தை வீழ்த்தக் கிடைமட்ட வெட்டு வேண்டும், விழுந்த மரத்தைத் துண்டுபோட நெட்டுக்குத்து வெட்டு வேண்டும். இன்ஜினைச் சாய்க்க வழியில்லாததால் வாளைத் திருப்பினார்கள். அந்தச் சுழல்மூட்டின் கனத்த வார்ப்பைத் தொட்டுப் பார்த்தால், ஒரு சின்ன மிதவைக்காக எத்தனை கிலோ இரும்பு சுமந்தார்கள் என்பது புரியும்.

அந்தப் பாரத்தை இறக்கியது ஒரு மெல்லிய சவ்வு. கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பால் அந்தச் சவ்வு பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். மிதவை தேவையில்லை. இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்க்கலாம், தலைகீழாகவும் பிடிக்கலாம். ஓஹையோவின் டொலீடோ நகரில் இருந்த டில்லட்ஸன் நிறுவனத்தின் சவ்வு கார்புரேட்டர்கள் 1950-களிலிருந்து பல பிராண்டுகளில் இடம்பிடித்தன. பழையதைப் பிரிப்பவர் அந்தப் பித்தளைத் திருகுகளைக் கழற்றி, காய்ந்து விறைத்த சவ்வை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும்போது, இந்த இயந்திரத்தை விடுதலை செய்த பகுதியையே கையில் வைத்திருக்கிறார்.

இன்னொரு விடுதலை ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946-இல் ஆரிகனில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ், ஒரு கட்டைக்குள் மரம் துளைக்கும் வண்டின் புழுவைக் கண்டார். நார் போகும் திசையிலும், நாருக்குக் குறுக்கிலும் அது ஒரே வேகத்தில் தின்றுகொண்டு போனது. அதன் தாடைகள் வளைந்தவை, இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்குபவை. அதுவரை செயின்சாவின் பற்கள் கைரம்பப் பற்களின் நகலாகவே இருந்தன. மரத்தைக் கீறிக் கீறி வெட்டும், சீக்கிரம் மழுங்கும், கூர்தீட்டுவது பெரும்பாடு. காக்ஸ் புழுவின் தாடையை எஃகில் செய்தார். 1947-இல் போர்ட்லாண்டில் தன் வீட்டு அடித்தளத்தில் சங்கிலித் தயாரிப்பைத் தொடங்கினார். இன்று ஓடும் செயின்சாக்களின் சங்கிலி அந்த வடிவத்தின் வழித்தோன்றல். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று பற்கள் மாறி மாறி வருவதும், வட்ட அரம் ஒன்றை வைத்துக்கொண்டு காட்டிலேயே கூர்தீட்ட முடிவதும் அவர் கொடுத்தவை.

சங்கிலி நன்றாக வெட்டத் தொடங்கியதும் சின்ன இன்ஜின் போதுமானதாயிற்று. இயந்திரம் ஒற்றை ஆளின் கைக்கு வந்தது. 1949-இல் ராபர்ட் மெக்கல்லக்கின் நிறுவனம் கலிஃபோர்னியாவிலிருந்து 3-25 என்ற மாடலை வெளியிட்டது. 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ. சேகரிப்பாளர்கள் பலருக்கு மெக்கல்லக் மஞ்சள்தான் முதல் காதல். அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு நகரத்தை உருவாக்கி, 1968-இல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கிக் கல் கல்லாக அங்கே கொண்டுவந்து கட்டியவரும் இதே மெக்கல்லக்தான். 1950-இல் ஸ்டில்லின் ஒற்றை ஆள் இயந்திரம் பிஎல் வந்தது, 16 கிலோ. ஸ்வீடனில் ஹஸ்க்வர்னா தன் முதல் செயின்சாவை, மாடல் 90-ஐ, 1959-இல் வெளியிட்டது.

அதே 1959-இல் வந்த ஸ்டில் கான்ட்ராவை நான் இந்தக் கலையின் உச்சங்களில் ஒன்றாக வைப்பேன். 6 குதிரைத்திறன், 12 கிலோ. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்டில்லின் அதே திறன், கால்பங்கு எடையில்! வட அமெரிக்காவில் அதை லைட்னிங் என்ற பெயரில் விற்றார்கள். அதன் பெரிய மாற்றம் கியரை நீக்கியது. அதற்கு முந்தைய பல இயந்திரங்களில் இன்ஜினின் வேகத்தைக் கியர் குறைத்துச் சங்கிலிக்குத் தரும். கான்ட்ராவில் கிளட்ச் நேராகச் சங்கிலியின் ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றுகிறது. இடையில் எதுவும் இல்லை, எடையும் இல்லை. பக்கமூடியைத் திறந்து பார்த்தால் அந்தத் துணிச்சல் அப்படியே தெரியும். எதைச் சேர்ப்பது என்று தெரிந்தவர்கள் நிறைய. எதை எடுத்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் குறைவு. கான்ட்ராவைச் செய்தவர்கள் இரண்டாம் வகை.

இப்போது மீட்டெடுக்கும் வேலைக்கு வருவோம். கைதேர்ந்தவர் பழைய இயந்திரம் கிடைத்ததும் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கமாட்டார். முதலில் சைலன்சரைக் கழற்றி, புகைத்துளை வழியாக பிஸ்டனைப் பார்ப்பார். பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. நெடுக்குவாட்டில் கோடு கோடாகக் கீறியிருந்தால், எண்ணெய் குறைவான பெட்ரோலில் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அடுத்து, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து இயந்திரத்தைத் தொங்கவிடுவார். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் அது தயங்கித் தயங்கி இறங்கும். கம்ப்ரஷன் போயிருந்தால் சரேலென்று தரைக்கு வரும். மீட்டர் இல்லாமலே இன்ஜினின் உடல்நிலை தெரிந்துவிடும்.

பிறகு தீப்பொறி. பழைய இயந்திரங்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் காயிலும், கன்டென்சரும், நம் மெக்கானிக்குகள் ‘பிளாட்டினம்’ என்று சொல்லும் பாயின்ட்டும் ஒளிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் பாயின்ட்டின் முகத்தில் மெல்லிய களிம்பு படிந்துவிடும். துடைத்து இடைவெளியைச் சரிசெய்தால், செத்தது என்று நினைத்த இயந்திரத்தில் நீலப்பொறி பறக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100-இன் டூ-ஸ்ட்ரோக் சத்தத்தில் மனம் கரைந்தவர்களுக்கு அந்த நொடியின் மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

உலோக அறிவு இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. எடை குறைக்க அந்தக்கால நிறுவனங்கள் உடலை மக்னீசியத்தில் வார்த்தன. சிலிண்டரும் பிஸ்டனும் அலுமினியம். மக்னீசியத்துக்கு அமிலம் பகை, அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா பகை. பிஸ்டனிலிருந்து தேய்ந்து சிலிண்டர் சுவரில் ஒட்டிய அலுமினியத்தை அகற்ற ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார்கள். சிலிண்டரைத் தனியே கழற்றி வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். ஒரு துளி கிராங்க் கேஸின் மேல் விழுந்தாலும் மக்னீசியத்தை அது அரித்துவிடும். எந்தப் பகுதி எந்த உலோகம், எது எதைத் தாங்கும் என்று தெரிந்த கைதான் நல்ல கை.

ஆனால் இந்தக் கலையில் ரசனை வெளிப்படுவது எதை மாற்றாமல் விடுகிறோம் என்பதில்தான். பெட்ரோல் குழாய், ஆயில் சீல், சவ்வு, கேஸ்கெட் ஆகியவற்றை மாற்றியே ஆக வேண்டும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். அவை உள்ளே இருப்பவை, யார் கண்ணிலும் படாதவை, அவற்றில் தயக்கம் தேவையில்லை. மேல்பூச்சு வேறு விஷயம். பின்கைப்பிடியில் ஒருவரின் உள்ளங்கை பல ஆண்டுகள் உராய்ந்து பெயிண்ட் தேய்ந்து, வெள்ளி நிறம் தெரிகிறது. அது ஒரு தொழிலாளியின் கையெழுத்து. அதை மறைத்துப் பளபளக்கும் புதிய பெயிண்ட் அடிப்பவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் என் தீர்ப்பு மாறாது. பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை கழுவித் துடைத்து விட்டுவிடுவதே அந்த இயந்திரத்துக்குச் செய்யும் மரியாதை. துருவோ அரிப்போ உடலைத் தின்னத் தொடங்கினால் மட்டும் தூரிகையை எடுக்கலாம்.

அதேபோல, ஓடாத செயின்சாவை அலமாரியில் வைப்பது பாதி ரசனைதான். கியர் வைத்த பழைய இயந்திரம் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, அவசரமில்லாமல் மரத்துக்குள் இறங்கும். அழுத்தினாலும் மூச்சுத் திணறாது. கான்ட்ராவைப் போன்ற கியர் இல்லாத இயந்திரம் கீச்சுக்குரலில் கத்திக்கொண்டு பாயும். பல பழைய இயந்திரங்களில் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதே வெட்டுபவரின் வேலை. கைப்பிடிக்கு அருகில் ஒரு பொத்தான் இருக்கும். வெட்டிக்கொண்டே கட்டைவிரலால் அமுக்க வேண்டும். எத்தனை நொடிக்கு ஒருமுறை அமுக்குவது என்பது மரத்தைப் பொறுத்தது, சங்கிலியின் சூட்டைப் பொறுத்தது. அந்தக் கட்டைவிரலின் தாளம் வந்துவிட்டால்தான் அந்த இயந்திரம் நம்முடையது.

இந்த இயந்திரம் தந்தவற்றோடு எடுத்துக்கொண்டவற்றையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் முதுபெரும் காடுகள் வேகமாகக் குறைந்ததில் இதற்குப் பங்கு உண்டு. வெட்டியவர்களின் விரல்களையும் இது விட்டுவைக்கவில்லை. ஆண்டுக்கணக்கான அதிர்வால் ரத்த ஓட்டம் குன்றி, விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் மரவெட்டுத் தொழிலாளிகளிடம் பரவலாக இருந்தது. 1960-களில்தான் கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள் வந்தன. சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் பிரேக் 1970-களில் வந்தது. பழைய இயந்திரத்தை ஒருநாள் ஓட்டிவிட்டு இரவில் கை கடுக்கும்போது, தினமும் இதையே பிடித்து வாழ்ந்தவர்களின் மேல் மதிப்பு பலமடங்கு கூடுகிறது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை அந்த எக்ஸ்எல்-12-தான். ஏராளமாக விற்ற மாடல் என்பதால் உதிரிபாகம் கிடைக்கும், அமைப்பு எளிது, எடையும் தாங்கக்கூடியது. அதில் சங்கிலி பிரேக் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். வாள்தகட்டின் மேல்நுனி மரத்தில் இடித்தால் இயந்திரம் முகத்தை நோக்கித் துள்ளும். ஆகவே தொடைக்காப்பு, காதடைப்பு, தலைக்கவசம் மூன்றும் இல்லாமல் கயிற்றை இழுக்கக்கூடாது. மற்றபடி, கொட்டகையில் பழைய செயின்சா கிடந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்குமுன் சைலன்சரைக் கழற்றி பிஸ்டனை ஒருமுறை பாருங்கள். கீறல் இல்லையென்றால் அது இன்னும் மரம் அறுக்கும்.