கிடங்கில் வைத்த ஆட்டுக்கல்

பழைய கிடங்கில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும். உதிர்ந்த சுண்ணாம்பு, ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில், உப்புக்காற்று தின்ற இரும்பு எதுவும் கலைஞர் செய்தது இல்லை. பாராட்டு மட்டும் அவருக்குப் போய்விடும். கொச்சி பியனாலேக்குப் போகிறவர்கள் அதைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

அதன் பிரதான இடமாக இருந்துவந்த ஆஸ்பின்வால் ஹவுஸ், 1867-இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கில வியாபாரி தொடங்கிய கம்பெனியின் வளாகம். தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, பிற்பாடு கயிறு, காபி, தேயிலை என்று சரக்கு கைமாறிய இடம். 12.12.2012 அன்று பியனாலே இங்கே முதன்முதலாகத் தொடங்கியது.

அந்த முதல் வருஷத்துப் படைப்புகளில் விவான் சுந்தரத்தின் 'பிளாக் கோல்ட்' பற்றி நிறையப் பேசினார்கள். பட்டணம் அகழாய்வில் ஒதுக்கிய பானை ஓடுகளை ஒரு நகரம் மாதிரி பரப்பி, மிளகையும் சேர்த்திருந்தார். கண்ணுக்கு அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் மிளகுக் கிடங்கில் மிளகு! பார்க்கிறவருக்குப் பழம்பெருமையைத் தாண்டி வேலை மிச்சமில்லை.

ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் செய்த 'ஸ்டாப்ஓவர்' வேற ரகம். பெங்களூரில் மிக்ஸி, கிரைண்டர் வந்தபிறகு வீட்டைவிட்டு வெளியே தள்ளப்பட்ட அரைக்கும் கற்கள், சுமார் 170, கொச்சிக்கு வந்து இறங்கின. உபயோகம் இல்லை, ஆனா உடைக்கவும் மனசு வராது, தெருவோரம் கிடந்தவை. நம்ம பக்கத்திலும் ஆட்டுக்கல்லுக்கு இதே கதிதானே? வேலை போன கல், வேலை போன கிடங்கு. மிளகு எங்கிருந்து போனது என்பது சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எந்தக் கை அரைத்தது என்பதை இந்தக் கல்தான் கேட்கிறது. சுவரின் அழகைக் கடன் வாங்காமலே நிற்கிற படைப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

கட்டடத்தின் அழகுக்கு விலையும் உண்டு. 2022 டிசம்பர் 12 அன்று தொடங்கவேண்டிய பியனாலே 23-க்குத் தள்ளிப்போனது. மழை, நிலையில்லாத மின்சாரம், ஆள் பற்றாக்குறை என்று கலைஞர்கள் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். ஒழுகும் கூரை போட்டோவில் நல்லா இருக்கும், புரொஜெக்டருக்கு மேலே ஒழுகாதவரை.

குரோம்பேட்டைக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ஊர்ப் பெயரே குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அந்த குரோம் பதனிடும் முறையை 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சோதித்துப் பார்த்த இடம் சென்னை ஓவியப் பள்ளி, அதாவது இன்றைய கவின் கலைக் கல்லூரி! ஓவியமும் தோலும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கின்றன. நாளைக்கே பல்லாவரம் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு தோல் பட்டறையில் யாராவது கண்காட்சி வைத்தால் செங்கல் சுவரைப் படம்பிடிக்க நிச்சயம் கூட்டம் வரும். தோலின் நாற்றத்தையும், தொட்டியில் இறங்கி நின்ற கால்களையும், சுற்றுவட்டாரத்தில் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரையும் உள்ளே கொண்டுவருகிற கலைஞர் யார் என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.