காந்தச் சுருளும் கண்ணுறங்காக் குழந்தையும்

விஞ்ஞானம் புதிய கருவியொன்றைத் தரும்போதெல்லாம் சமுதாயம் இரு கேள்விகளை எழுப்புதல் வேண்டும். அது பயன் தருகின்றதா? யாருக்குப் பயன் தருகின்றது? முதற் கேள்வியை ஆய்வுகூடம் கேட்கும். இரண்டாவதைக் கேட்கும் கடமை இலக்கியத்துக்கும் உண்டு. ஆட்டிசமுள்ள குழந்தைகளின் உறக்கமின்மையை மூளைத் தூண்டலாற் போக்கலாம் எனப் பேசப்படும் இந்நாளில், அமெரிக்கரான ஜோன் எல்டர் றொபிசன் 2016இல் வெளியிட்ட ‘ஸ்விற்ச்ட் ஒன்’ என்னும் தன்வரலாற்று நூலை இக்கேள்விகளோடு அணுகுதல் தகும்.

றொபிசன், 1970களின் இறுதியில் ‘கிஸ்’ இசைக்குழுவுக்குத் தீயுமிழும் கிற்றார்களை அமைத்தவர். பின்னர் மோட்டார் வாகனத் திருத்தகம் நடத்தியவர். தமக்கு ஆட்டிசம் உண்டென்பதை நாற்பது வயதளவிலேதான் அறிந்தார். 2008இல் பொஸ்ரன் நகரில் அல்வாரோ பஸ்குவால்-லியோன் தலைமையில் நடைபெற்ற ஆய்விற் பங்குபற்றினார். தலைமீது வைக்கும் கம்பிச் சுருளின் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து மூளையில் நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அன்ரனி பார்க்கரும் அவர்தம் தோழரும் 1985இல் அறிமுகப்படுத்திய முறை இது.

சிகிச்சைக்குப் பிந்திய பகுதியே நூலின் உயிர். பழைய பாடல்கள் அவருக்குப் புதுத்தெளிவுடன் ஒலித்தன. பிறர் முகத்தில் உணர்ச்சிகள் புலப்பட்டன. அன்பு வெள்ளத்தை எதிர்பார்த்தவர் கண்டனவோ அச்சமும் பொறாமையும் கவலையும். நட்பென்று நம்பிய பழைய பேச்சுகள் பல ஏளனமாக இருந்தமை தெரிந்தது. மனச்சோர்வுற்றிருந்த மனைவியோடு வாழ்ந்த வாழ்வும் முறிந்தது. இவ்விழப்புகளை மறையாது கூறி, கருவியை வரப்பிரசாதமாகக் காட்ட மறுக்கும் நேர்மையே நூலின் பெருஞ் சிறப்பு.

ஆயின் அந்நேர்மைக்கும் ஓர் எல்லையுண்டு. பொறியியல் மனங்கொண்ட ஆசிரியர், மனிதனையும் சீராக்கத்தக்க ஒரு சுற்றமைப்பாகவே பெரிதும் நோக்குகின்றார். ஏளனத்தைக் காணும் கண் அவருக்குக் கிடைத்தது; ஏளனஞ் செய்யும் சமுதாயத்தை ஆராயும் நோக்கு நூலில் வளரவில்லை. அவரது மூளைக்குக் காந்தம் வைக்கப்பட்டது. அவரை இகழ்ந்தோர் அவ்வாறே இருந்தனர்.

குழந்தைகளிடத்து இக்குறை மேலும் பாரதூரமாகின்றது. றொபிசன் ஐம்பது வயதில், விளைவுகளை ஆராய்ந்து, தாமே இசைந்தவர். பேச்சு வராத ஐந்து வயதுக் குழந்தையின் இசைவை யார் பெறுவது? ஆட்டிசமுள்ள குழந்தைகளுட் பாதிக்கு மேற்பட்டோர் உறக்கத் தொல்லைக்கு உள்ளாகின்றனர். சீனா முதலிய நாடுகளில், உச்சந்தலையில் மெல்லிய மின்னோட்டஞ் செலுத்தி உறக்கத்தைச் சீர்செய்யும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. அவற்றை இகழ்தல் அறிவுடைமையன்று. எனினும் அவற்றுட் பல சிறியவை; பெற்றோர் நிரப்பும் வினாக்கொத்தையே பெரிதும் அளவுகோலாகக் கொண்டவை. பல மாதங்கள் உறங்காத தாயின் நம்பிக்கை அவ்விடைகளிற் கலவாதென எவ்வாறு கொள்வது?

உறங்காமைக்குக் காரணமும் ஒன்றன்று. மெலற்றோனின் சுரப்பின் ஒழுங்கின்மை, ஒலியும் ஒளியும் தாங்காத புலன்கள், பதற்றம், வலிப்பு, வயிற்றுக் கோளாறு எனப் பலவுண்டு. அமெரிக்க நரம்பியல் கழகம் 2020இல் வகுத்த வழிகாட்டி, உடன்நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் முதலில் ஆராயச் சொல்கின்றது. படுக்கை நேர ஒழுங்கு முதலான நடத்தை முறைகளைக் கைக்கொண்டு, அவை போதாவிடத்து மெலற்றோனினை நாடச் சொல்கின்றது. எளிய வழிகளே இவை. ஆயினும் இவற்றுக்கு ஓய்வுள்ள பெற்றோரும் அமைதியான அறையும் வேண்டும். இரவுவேலைக்குச் செல்லும் தாய்க்கும், ஓரறையில் ஒடுங்கிய குடும்பத்துக்கும் அவற்றை யார் தருவர்? அவற்றைத் தரவியலாத சமுதாயம் கருவியை விற்க முன்வருமாயின், தன் குறையைக் குழந்தையின் மண்டையோட்டினுள் ஒளித்து வைக்கின்றது என்றே கூறல் வேண்டும்.

வகுப்பறையிற் கண்சோர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறி எனக் கடியுமுன், அவன் இரவு எவ்வாறு கழிந்தது என வினவ ஆசிரியர்க்கு எக்கருவியும் வேண்டியதில்லை. றொபிசனின் நூல் அவ்வினாவுக்கு எம்மை ஆயத்தஞ் செய்கின்றது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து அதனைச் சமுதாயத்தை நோக்கித் திருப்புவது வாசகரது பணியாகும்.