கடவுள் அமர்ந்த காப்பிக் கடை

ஒரு நகரத்தின் உள்ளத்தை அறிய அதன் காப்பிக் கடைகளில் சற்றே அமர்ந்து பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் புறப்பட்டு, 1843இல் எழுந்த சுலோசன முதலியார் பாலத்தின்மேல் தாமிரபரணியைக் கடந்து, சந்திப்பு வழியே நெல்லையப்பர் கோயில் ரத வீதிவரை அவசரமின்றி நடப்போமானால், பெருநிறுவனப் பெயர் எதையும் தாங்காத சிறு கடைகள் இன்றும் நம்மை அழைக்கின்றன. பாய்லர் கொதிக்கிறது, டிகாக்‌ஷன் மணக்கிறது, பனை வளரும் மண்ணுக்கே உரிய கருப்பட்டிக் காப்பியும் சில இடங்களில் கிடைக்கிறது. முன்பின் அறியாத இருவர் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள்.

இச்சிறு தோழமையைத் தமிழ் இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர், திருநெல்வேலியில் வளர்ந்து இந்துக் கல்லூரியில் பயின்ற புதுமைப்பித்தன் (1906–1948). அவர் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சென்னைத் தெருமுனை ஒன்றில் தொடங்குகிறது. டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா என்று காசுக் கணக்குப் பார்த்து நிற்கும் பிள்ளையிடம் ஒருவர் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கேட்டவர் கடவுள். இருவரும் சேர்ந்து முதலில் நுழையும் இடம் கோயில் அன்று, காப்பி ஹோட்டல்.

கதையின் மேதைமை இத்தேர்வில்தான் இருக்கிறது. காப்பியின் சுவையைத் தம் திருவிளையாடல் என்று எண்ணுகிறார் கடவுள். அது ஹோட்டல்காரர் கலந்த சிக்கரியின் விளையாட்டு என்று திருத்துகிறார் பிள்ளை. கடவுள் நீட்டும் நூறு ரூபாய் நோட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. இதை வெறும் நையாண்டியாகக் கொண்டால் கதையைத் தவறவிடுவோம். அச்சமும் வேண்டுதலும் இல்லாமல் மனிதனும் கடவுளும் எதிரெதிரே அமரக்கூடிய ஓர் இடத்தை ஆசிரியர் தேடினார்; அதைக் காப்பிக் கடையில் கண்டார்.

ஆயினும் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: அந்த மேசையில் அன்று யார்தாம் அமர முடிந்தது? காப்பி தமிழரின் நடுத்தர வர்க்க அடையாளமாக வளர்ந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) என்னும் நூலில் ஆராய்ந்திருக்கிறார். ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிய ஹோட்டல்கள் இருந்த காலம் அது. கடைகளையும் உணவகங்களையும் பெயர் சுட்டியே, அங்கே சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு 1950இல் விதிக்க நேர்ந்தது. அதன் பின்னரும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நீடித்தது. கடவுளுக்குத் திறந்த கதவு யாருக்கு அடைத்திருந்தது என்பதைக் கதை கேட்கவில்லை. எதையும் எள்ளத் தயங்காத எழுத்தாளர் இவ்விடத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

இக்குறையைச் சொல்லும் தகுதி நமக்கு எளிதில் வந்துவிடாது. நம் மாவட்டத்து வடக்கன்குளம் ஆலயம், சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரிக்கும் சுவரோடு 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1910இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. காப்பிக் கடைக்காரர் குவளையைப் பிரித்தார். நாம் திருப்பலிப் பீடத்தின் முன்பே மக்களைப் பிரித்தோம்.

கதை முடிவில் கடவுள் சலித்துவிடுகிறார். மனிதரிடம் எட்ட நின்று வரம் கொடுக்கலாமேயன்றி உடன் வாழ இயலாது என்கிறார். கிறிஸ்தவ வாசகர் இங்கே உடன்பட முடியாது. மனிதரோடு வாழவே வந்தவரை அன்றோ நாம் அறிக்கையிடுகிறோம்! எம்மாவு செல்லும் சாலையில் இரு சீடர்கள் வழிப்போக்கர் ஒருவரைத் தங்களோடு தங்குமாறு வற்புறுத்தினார்கள். அப்பம் பிட்கையில் அவர் யாரென்று கண்டுகொண்டார்கள். சீடர்கள் செய்த ஒரே நற்செயல் ஊர் பேர் தெரியாதவரைப் பந்திக்கு அழைத்ததுதான்.

ஆகவே புதுமைப்பித்தனுக்கு நாம் தரும் மறுமொழி ஏட்டில் எழுதக்கூடியதன்று. நம்மிடையே கடவுள் வாழ முடியாது என்ற அவருடைய எள்ளல், நம் பெஞ்சில் எவருக்கேனும் இடமில்லாத நாள்வரை உண்மையாகவே இருக்கும். அதைப் பொய்யாக்கும் பொறுப்பு வாசகராகிய நம்முடையது.