சுட்டவர் கையிலிருந்த செல்போன்

கீழ்பென்னாத்தூரில் ஒரு நண்பர் வீட்டு லேப்டாப்பில்தான், 2009இல் முடிந்த இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்தைப் பார்த்தோம். இலங்கையுடனான நட்புறவு கெடும் என்று 2014இல் இந்தியத் தணிக்கை வாரியம் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. இயக்குநர் கேலம் மெக்ரே அதை இந்தியர்களுக்காக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். பின்னர் சுட்டுக் கொல்லப்பட்ட, விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன் மணல்மூட்டைகளுக்கு நடுவே எதையோ தின்றுகொண்டிருக்கும் காட்சி வந்ததும் நண்பர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகாமல் போர் நடத்தியதாகக் கொழும்பு சொன்னது. அந்தப் பொய்யை உடைப்பவை படைவீரர்களே பெருமைக்காகச் செல்போனில் எடுத்த காட்சிகள். கைதிகளைச் சுடும் காட்சி போலி என்றது அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹேன்ஸ் 2011இல் அது உண்மையானது என்றார். சாட்சியமாக இந்தப் படத்துக்கு ஈடானவை குறைவு.

என் குறை வேறு. அமெரிக்க அரசின் வியட்நாம் போர்ப் பொய்களை 1971இல் வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கைப் பற்றி 2009இல் ஒரு படம் வந்தது. சுமார் 7,000 பக்கக் கோப்புகளோடு, மனம் மாறிய ஓர் அதிகாரி அதில் நம்மிடம் பேசுகிறார். பொய் எந்த மேசையில் எழுதப்பட்டது என்று அதில் தெரிகிறது. மெக்ரேயின் படத்தில் ரத்தம் தெரிகிறது, மேசை தெரியவில்லை.

இதில் எல்ஸ்பெர்க்குக்கு மிக அருகில் வருபவர் ஐ.நா. ஊழியர் பெஞ்சமின் டிக்ஸ். 2008 செப்டம்பரில் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று மக்கள் வாயிலில் நின்று கெஞ்சியதைச் சொல்கிறார். படத்தில் என்னை உலுக்கிய இடம் அதுதான். மறு ஆண்டு ஐ.நா. சாவுகளை எண்ணியது, எண்ணிக்கையை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. 2012இல் அதன் உள்விசாரணை அறிக்கையே இதை ஒப்புக்கொண்டது. படம் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இது, வேகமாகக் கடந்துவிடுகிறது.

பெண்களின் ஆடையில்லா உடல்களைத் திரும்பத் திரும்பக் காட்டுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நீதிமன்றத்துக்குத் தேவையான ஆதாரம் திரைக்கு அத்தனை முறை தேவையில்லை. ஆனால், தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதைப் படம் மறைக்கவில்லை. இங்கே பேசும்போது நாம்தான் அதை விட்டுவிடுகிறோம்; அது அந்தச் செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மெக்ரே பிறகு படத்தைச் சிங்களத்திலும் கொண்டுவந்தார். அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான். அந்தச் செல்போன்களைக் கையில் பிடித்திருந்தவர்களின் மொழி அது. தன் பெயரையும் ஆணையிட்டவர் பெயரையும் சொல்லி ஒருவர் முன்வந்தால், அவர் அந்த மொழியில்தான் பேசுவார்.